வந்தோர்க்கு வாய்த்த அண்டை வீடு

(உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பெருநகருக்குப் புதிதாக வந்து இறங்கும் குடும்பத்துக்கு முதல் நாளில் இல்லாதது எது? பணம் என்றே பலரும் விடை கூறுவர். அவ்விடை பிழையன்று. ஆயினும் சிறிது பணத்தோடு வந்தவர்களும் முதல் மாதத்திலேயே அதனை இழந்து நிற்பதை எந்த நகரத்திலும் காணலாம். எந்தத் தெருவில் எவ்வளவு வாடகை, எந்த வேலைக்கு எவ்வளவு கூலி, கடன் கொடுப்பவன் எத்தகையவன், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் யாரிடம் ஓடுவது, கையெழுத்துக் கேட்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பவற்றை அவர்கள் அறியார். பிறந்த ஊரில் இவற்றையெல்லாம் கேளாமலே சொல்லித் தந்தது அண்டை வீடு. ஊரை விட்டு வருபவர் தம் வீட்டை மட்டும் விட்டு வருவதில்லை. அண்டை வீட்டையும் விட்டு வருகிறார்.

புதிதாய் வந்தோர்க்குச் செய்யத்தக்க உதவிகளுள் தலையாயது, இழந்த அந்த அண்டை வீட்டை அவர்க்கு மீண்டும் அளிப்பதே. இந்த உண்மையை நூறாண்டுகளுக்கு முன்னரே செயலில் காட்டிய ஓர் இல்லத்தின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். அவ்வில்லம் அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் இருந்த 'ஹல் ஹவுஸ்'. 1893ஆம் ஆண்டில் உலகச் சமயப் பேரவை கூடியதும், வீர்சந்த் ராகவ்ஜி காந்தி அவர்கள் சமண நெறியை உலகோர்க்கு எடுத்துரைத்ததும் அந்நகரிலேதான். பேரவை நடந்த மண்டபத்தின் சிகாகோவைப் பலரும் அறிவர். அங்கிருந்து சில கல் தொலைவில், சேறும் புகையும் சூழ்ந்த தெருக்களில் இருந்த சிகாகோவை அறிந்தோர் சிலரே.

நகரம் அழைத்தது; வரவேற்கவில்லை

1871ஆம் ஆண்டின் பெருந்தீயில் பெரும்பகுதி எரிந்துபோன சிகாகோ, இருபதே ஆண்டுகளில் மீண்டெழுந்தது. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 11 லட்சம். அவர்களுள் பத்தில் நால்வர் வேற்று நாட்டில் பிறந்தவர்கள். இறைச்சிக் கூடங்களும் இரும்பாலைகளும் தையற்கூடங்களும் ரயில் பாதைகளும் ஆட்களை வேண்டி நின்றன. இத்தாலியர், ஜெர்மானியர், போலந்து நாட்டவர், ருஷியாவில் துன்புறுத்தலுக்கு அஞ்சி ஓடிவந்த யூதர், பொஹிமியர், கிரேக்கர், அயர்லாந்தியர் எனப் பல இனத்தவரும் கப்பலேறி வந்தனர்.

அவர்தம் உழைப்பை வாங்கிக்கொண்ட நகரம், அவர்களுடைய வாழ்வைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை. ஹால்ஸ்டெட் தெருவைச் சுற்றியிருந்த மேற்குப் பகுதியில், ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய மரவீடுகளில் மூன்று நான்கு குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. பல வீடுகளுக்கு முற்றத்துக் குழாய் ஒன்றே நீர்வழி. கழிவுநீர்க் குழாயோடு இணைக்கப்படாத வீடுகள் மிகுதி. தெருக்களில் குப்பை மலிந்து கிடந்தது. குழந்தைகள் அதன்மேல் ஏறி விளையாடினர்.

மேட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள்

அத்தெருவில், பிணப்பெட்டி செய்து ஈமச்சடங்கு நடத்தித் தரும் கடை ஒன்றுக்கும் மதுக்கடை ஒன்றுக்கும் இடையே, பழைய மாளிகை ஒன்று நின்றது. 1856ஆம் ஆண்டில் சார்லஸ் ஹல் என்னும் செல்வர் கட்டிய வீடு அது. பெருந்தீக்குத் தப்பியது. 1889ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் அவ்வீட்டின் ஒரு பகுதியில் ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்னும் இரு தோழியர், வீட்டுப் பொறுப்பைக் கவனிக்க உடன்வந்த ஒரு பெண்ணோடு குடிபுகுந்தனர். அப்போது ஆடம்ஸுக்கு வயது 29. தந்தை விட்டுச்சென்ற சொத்து உண்டு. உயர்ந்த கல்வி உண்டு. அக்காலத்து அமெரிக்கப் பெண்ணுக்கு அக்கல்வியால் செய்யத்தக்க பணி மட்டும் இல்லை. ஐரோப்பியப் பயணத்தின்போது லண்டனில் டாயின்பி ஹால் என்னும் இல்லத்தை அவர் கண்டார். பல்கலைக்கழகத்து இளைஞர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே தங்கித் தொண்டு செய்த அம்முறை அவர் நெஞ்சைக் கவர்ந்தது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அந்நாளிலும் சிகாகோவில் அறநிலையங்களுக்குக் குறைவில்லை. பழைய ஆடையும் நிலக்கரியும் வழங்கும் சங்கங்கள் இருந்தன. அவற்றை நடத்தியோர் மாலையில் தம் பகுதிக்குத் திரும்பிச் சென்றனர். ஹல் ஹவுஸ் பெண்கள் திரும்பிச் செல்லவில்லை. அதே தெருவில் உறங்கினர். அதே நாற்றத்தை முகர்ந்தனர். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் எழுந்து சென்றனர். அவர்கள் தம்மைக் கொடையாளர் என்றோ மேற்பார்வையாளர் என்றோ கூறிக்கொள்ளாமல், அவ்விடத்துக் குடியிருப்போர் என்றே கூறிக்கொண்டனர்.

வீட்டின் உரிமையாளரான ஹெலன் கல்வர் என்னும் பெண்மணி பின்னர் வாடகையின்றியே அதனை அளித்தார். இரண்டாம் ஆண்டிலேயே வாரந்தோறும் ஏறத்தாழ 2,000 பேர் அங்கு வந்துபோயினர். இருபதாண்டுகளுக்குள் அது 13 கட்டடங்கள் கொண்ட தொகுதியாக வளர்ந்தது.

பூட்டிய வீட்டுக்குள் குழந்தைகள்

குடிபுகுந்த பெண்கள் முதலில் எண்ணியிருந்தது இலக்கியம் படித்துக் காட்டுவதும் ஓவியம் காட்டுவதுமே. அத்தெரு அவர்களுக்கு வேறொரு தேவையைக் காட்டியது.

தொடக்கக் காலத்திலேயே மூன்று குழந்தைகளை அவர்கள் கண்டனர். தாய்மார் வேலைக்குச் சென்ற நேரத்தில் வீட்டில் விடப்பட்டவர்கள் அவர்கள். ஒரு குழந்தை மூன்றாம் மாடிச் சாளரத்திலிருந்து விழுந்தது. மற்றொன்று தீப்புண் பட்டது. இன்னொன்றின் முதுகெலும்பு வளைந்திருந்தது. மூன்றாண்டுகளாகப் பகல் முழுவதும் அது சமையலறை மேசையின் காலில் கட்டப்பட்டிருந்ததே காரணம். கட்டிவிட்டுச் சென்ற தாய் கொடியவள் அல்லள். அண்டை வீட்டுப் பாட்டி இல்லாத ஊரில், குழந்தையை நெருப்பிலிருந்தும் சாளரத்திலிருந்தும் காக்க அவள் அறிந்த வழி அது ஒன்றே.

ஹல் ஹவுஸ் குழந்தைக் காப்பகத்தைத் தொடங்கியது. அதனோடு மழலையர் பள்ளியும் நடந்தது. சிறுவர்க்கு மாலைநேரக் கழகங்கள் அமைந்தன. வீட்டில் நீராட வசதியற்றோர்க்குக் குளியலறைகள் திறக்கப்பட்டன. அவற்றை நாடிவந்த கூட்டத்தைக் கண்ட நகராட்சி, அப்பகுதியிலேயே பொதுக் குளியலகம் ஒன்றைக் கட்ட முன்வந்தது. சிகாகோவின் முதற்பொது விளையாட்டுத் திடலும் அவ்வில்லத்தின் முயற்சியால் உருவானதே.

வேலைக்குச் செல்லும் இளம்பெண்களின் நிலை வேறு. வேலைநிறுத்தம் செய்யும்போது முதலில் பணிந்துபோவோர், அறை வாடகைக்கு அஞ்சும் தனிப்பெண்களே என்பதை அப்பெண்களே எடுத்துரைத்தனர். எல்லாரும் ஒரே வீட்டில் கூடி, வாடகையையும் உணவையும் பகிர்ந்துகொண்டால் அவ்வச்சம் நீங்குமே என்று அவர்களே வழியும் கூறினர். 1891ஆம் ஆண்டில் அவ்வாறு பிறந்தது 'ஜேன் கிளப்' என்னும் கூட்டுறவு விடுதி. ஹல் ஹவுஸ் தொடக்க வாடகையையும் அறைக்கலன்களையும் தந்தது. விடுதியை ஆண்டவர்கள் அங்கே வாழ்ந்த பெண்களே. நல்ல உதவிக்கு இதுவே இலக்கணம்: வழியைச் சொல்பவர் துன்பம் உற்றவர், துணை நிற்பவர் அண்டை வீட்டார்.

கேளாமல் சமைத்த உணவு

அவ்வில்லம் தொட்டதெல்லாம் துலங்கியது என்று எண்ணுதல் வேண்டா. அதன் தோல்விகளே அதற்கு ஆசானாயின.

நாள் முழுதும் உழைத்துத் திரும்பும் பெண்கள், குடும்பத்துக்குச் சத்துள்ள உணவு சமைக்க நேரமும் இடமுமின்றித் தவித்தனர். அதனைக் கண்டு 1893ஆம் ஆண்டில் பொதுச் சமையற்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. பாஸ்டன் நகரில் அறிவியல் முறையில் நடந்த சமையற்கூடத்தைப் பார்த்து வந்து, சத்துக் கணக்கிட்டு, தூய்மையாகவும் மலிவாகவும் உணவு ஆக்கினர். எல்லாம் இருந்தது, வாங்குவோர் இல்லை. அப்பகுதிப் பெண்ணொருத்தி காரணத்தை மறைக்காமல் கூறிவிட்டார்: உணவு சத்துள்ளதுதான், ஆனால் தமக்கு எது விருப்பமோ அதைத்தான் தாம் உண்ண விரும்புவதாக.

இத்தாலியர்க்கும் யூதர்க்கும் கிரேக்கர்க்கும் தத்தம் அடுப்பின் சுவை உண்டு. உண்ணத்தகாதவை எவை என்னும் மரபும் உண்டு. உணவு என்பது வயிற்றை நிரப்புவது மட்டுமன்று என்பதை, உணவொழுக்கம் பேணும் குடும்பத்தினர்க்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. ஊரை இழந்து, மொழியை இழந்து வந்தவரிடம் எஞ்சியிருப்பது அச்சுவை ஒன்றே. அதனையும் மாற்றிக்கொள் என்பது எவ்வளவு நல்லெண்ணத்தோடு கூறப்பட்டாலும் உதவியாகாது.

ஹல் ஹவுஸ் பெண்கள் அத்தோல்வியை அறிந்து ஏற்றனர். அவ்விடம் காப்பிச்சாலையாக மாறியது. மதுக்கடைக்கு மாற்றாக மக்கள் கூடிப் பேசும் இடமாக அது விளங்கியது. உணவைக் காட்டிலும் உட்கார்ந்து பேச ஓரிடமே அவர்களுக்குத் தேவைப்பட்டது. முன்னரே கேட்டிருந்தால் முன்னரே தெரிந்திருக்கும்.

விதி அறியாத மனிதர்

மற்றொரு நிகழ்ச்சி, மேலும் கொடியது. ஜேன் ஆடம்ஸ் தம் வாழ்க்கை நூலில் தாமே எழுதி வைத்தது.

உலகக் கண்காட்சி முடிந்த 1893ஆம் ஆண்டின் கடுங்குளிர்காலம் அது. நாடெங்கும் வேலையின்மை. சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராயிருந்து வேலை இழந்த ஒருவர் ஹல் ஹவுஸை நாடி உதவி கேட்டார். நகரின் வடிகால் கால்வாயில் மண்வெட்டும் வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. வேலை கிடைக்கும்போது அதை முயன்று பாராதவர்க்கு உதவித்தொகை இல்லை என்பது அந்நாளைய அறநிலையங்களின் விதி. தாம் எந்நாளும் அறைக்குள்ளேயே வேலை செய்தவர் என்றும், குளிரில் வெளிவேலை தம் உடலுக்கு ஒவ்வாது என்றும் அவர் கூறினார். ஆடம்ஸ் விதியையே கூறினார். அவர் மறுசொல் பேசாமல் சென்று இரண்டு நாள் கால்வாயில் மண் வெட்டினார். நுரையீரல் அழற்சி கண்டது. ஒரு வாரத்தில் இறந்துபோனார். இரு சிறு குழந்தைகள் எஞ்சினர்.

விதி தேவையற்றது என்பது இதன் பொருளன்று. பொதுப்பணத்தைக் கையாளும் எந்த நிலையத்துக்கும் விதிகள் வேண்டும். ஆயினும் விதி எல்லாரையும் ஒருவராகக் காண்கிறது. எதிரே நிற்பவர் எழுத்தரா, உழவரா, நோயாளியா, அஞ்சியவரா என்பதை அறிவது விதியின் வேலையன்று. மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரின் வேலை. ஒருவரை அறியாமல் அவர்க்கு உதவ இயலாது என்னும் பாடத்தை ஆடம்ஸ் அக்குழந்தைகளின் முகத்தில் படித்தார். அவர்களைப் பற்றிய நினைவு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

தெரியாமையை விற்போர்

புதியவரின் தெரியாமை சிலர்க்கு வணிகப் பொருள். ரயிலடியிலேயே அவ்வணிகம் தொடங்கிவிடும். முகவரி எழுதிய துண்டுக் காகிதத்தோடு இறங்குபவரை வண்டிக்காரன் சுற்றிச் சுற்றி அழைத்துச்சென்று, வேண்டிய கட்டணம் பறிப்பான். வேலை வாங்கித் தருவதாகக் கூறும் தரகன் முன்பணம் பெற்றுக்கொண்டு, தொலைவில் உள்ள ரயில்பாதைப் பணிக்கு அனுப்புவான். அங்கே சென்றால் வேலை இராது. திரும்பிவர வழிச்செலவும் இராது. தவணைக்கடைக்காரன் மேசை நாற்காலியைக் கடனுக்குக் கொடுத்து, கடைசித் தவணை தவறியதும் பொருளையும் எடுத்துக்கொண்டு செலுத்திய பணத்தையும் விழுங்குவான். ஊருக்குப் பணம் அனுப்பித் தருகிறேன் என்பவன் அப்பணத்தோடு மறைவான்.

ஹல் ஹவுஸ் இவை ஒவ்வொன்றுக்கும் எதிராக ஒரு சிறு தடுப்பை எழுப்பியது. இல்லத்துக்குள்ளேயே அஞ்சலகக் கிளை ஒன்று அமைக்கப்பெற்றது; வந்தவர் தம் சேமிப்பை ஏமாறாமல் தாய்நாட்டுக்கு அனுப்ப அது உதவியது. கணவன் கைவிட்ட பெண்ணுக்கு வாழ்பொருள் பெறவும், ஆலையில் கைவிரல் இழந்தவர்க்கு இழப்பீடு கேட்கவும், காப்பீட்டுத்தொகை கிடைக்காத கைம்பெண்ணுக்குக் கடிதம் எழுதவும் ஆட்கள் இருந்தனர். ஆங்கில வகுப்புகளும் குடியுரிமை பெறுவதற்கான வகுப்புகளும் மாலைதோறும் நடந்தன. கேட்பதற்குப் பதில் சொல்லும் இடமாகவும், நகரத்தின் மொழியை வந்தவர்க்கும் வந்தவரின் மொழியை நகரத்துக்கும் பெயர்த்துச் சொல்லும் இடமாகவும் அவ்வில்லம் விளங்கியது.

1908ஆம் ஆண்டில் இப்பணிக்கெனவே குடியேறியோர் பாதுகாப்புச் சங்கம் தனியே தோன்றியது. ஹல் ஹவுஸில் தங்கியிருந்த கிரேஸ் அபட் என்னும் பெண்மணி அதனை இயக்கினார். ரயிலில் வந்திறங்குவோரை அவரவர் மொழி அறிந்தவர்களே எதிர்கொண்டு, உரிய முகவரியில் கொண்டுசேர்த்தனர். தனியே வரும் பெண்களின் பெயர்களைத் துறைமுகத்திலிருந்தே பெற்று, அவர்கள் சேரவேண்டிய வீட்டுக்குச் சேர்ந்தனரா என்று நேரில் சென்று பார்த்தனர். சிலர் சேரவில்லை என்பது தெரிந்தபோதுதான், அதுவரை யாரும் கேளாமலே தொலைந்துபோன பெண்கள் எத்தனை பேரோ என்னும் அச்சம் நகரத்துக்குப் பிறந்தது. ஒரு பெண் பத்திரமாக வந்து சேர்ந்தாளா என்று கேட்க ஒருவர் இருப்பதே அவளுக்குக் காவல்.

குப்பை வண்டியின் பின்னே

அண்டை வீட்டாரின் அன்பால் தீராத துன்பங்களும் உண்டு. தெருவில் அழுகும் குப்பையை அன்பு அகற்றாது.

1894ஆம் ஆண்டுக் கோடையில் ஹல் ஹவுஸ் மகளிர் கழகத்துப் பெண்கள் பன்னிருவர், பகல் வேலை முடிந்த மாலை வேளைகளில் சந்து சந்தாகச் சென்று சுகாதாரக் கேடுகளைக் குறித்தனர். இரண்டே மாதங்களில் அவர்கள் நகராட்சிக்கு அனுப்பிய புகார்கள் 1,037. அடுத்த ஆண்டில் ஜேன் ஆடம்ஸ், அவ்வட்டத்துக் குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்குத் தாமே விண்ணப்பித்தார். விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று. ஆனால் எழுந்த பேச்சின் விளைவாக நகரத் தலைவர் அவரையே குப்பை ஆய்வாளராக அமர்த்தினார். ஆண்டுக்கு 1,000 டாலர் ஊதியம். காலை 6 மணிக்கே எழுந்து வண்டிகளின் பின்னே சென்று, அவை குப்பைமேடு வரை போய்ச்சேர்கின்றனவா என்று பார்த்தனர். 9 வண்டிகள் 17 ஆயின. ஒரு குறுந்தெருவில் பதினெட்டு அங்குலக் குப்பையை அகற்றியபோது அடியில் கல்பாவிய தளம் தெரிந்தது. அப்படியொரு தளம் இருப்பதே அங்கு வாழ்ந்தோர்க்குத் தெரியாது. இறப்பு மிகுந்த வட்டங்களின் வரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்த அவ்வட்டம் ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

குழந்தை உழைப்பின் கதையும் இத்தகையதே. ஹல் ஹவுஸின் முதற் கிறிஸ்துமஸ் விழாவில் மிட்டாய் வழங்கப்பட்டபோது சில சிறுமியர் வேண்டாம் என்று கையை விலக்கிக்கொண்டனர். மிட்டாய் ஆலையில் ஆறு வாரங்களாகக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை வேலை செய்தவர்கள் அவர்கள். மிட்டாயைக் காணவும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அக்குளிர்காலத்திலேயே அருகிலிருந்த ஆலையில், காப்புத் தடுப்பு இல்லாத ஒரே இயந்திரத்தில் மூன்று சிறுவர் காயமுற்றனர், ஒருவன் இறந்தான். தடுப்பின் விலை சில டாலர்களே. ஆலை உரிமையாளர் பதறுவார் என எதிர்பார்த்தனர். அவர் பதறவில்லை. விபத்துக்கு இழப்பீடு கோரமாட்டோம் எனப் பெற்றோர் கையெழுத்திட்ட தாள் அவரிடம் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அறியும் வழியின்றிக் கையெழுத்திட்ட பெற்றோர் எத்தனை பேரோ!

இல்லத்தில் தங்கியிருந்த புளோரன்ஸ் கெல்லி ஆலைதோறும் வீடுதோறும் சென்று உண்மைகளைத் திரட்டினார். 1893ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலம், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலை வேலையில் அமர்த்துவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தைச் செயற்படுத்தும் தலைமை ஆய்வாளராகக் கெல்லியே அமர்த்தப்பெற்றார். 1895இல் ஹல் ஹவுஸ் வெளியிட்ட நூல், அச்சிறு பகுதியில் 18 நாட்டு மக்கள் வாழ்ந்ததையும் அவர்தம் வார வருமானத்தையும் வீடுவீடாக வண்ணப் படங்களில் காட்டியது. 1899இல் சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் சிகாகோவில் அமைந்தது. அதற்கு உழைத்தவருள் ஒருவரான ஜூலியா லேத்ராப், 1912இல் அமெரிக்க அரசின் குழந்தைகள் நலத்துறைக்கு முதல் தலைவரானார். இல்லத்தில் தங்கியிருந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், ஈயம் முதலிய நஞ்சுகளால் தொழிலாளர்க்கு வரும் நோய்களை ஆராய்ந்து, அத்துறைக்கு அந்நாட்டில் வழிகாட்டியானார். ஒரு தெருவில் கேட்ட அழுகுரல் இவ்வாறு நாட்டின் சட்டமாயிற்று.

தாயின் கைத்திறன்

வயிறும் உடலும் காக்கப்பட்ட பின்னும் ஒரு புண் எஞ்சியது. அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. பள்ளிக்குச் சென்ற குழந்தைகள் ஓராண்டில் ஆங்கிலம் பேசினர். பெற்றோர் பேசவில்லை. கடையிலும் மருத்துவமனையிலும் பிள்ளைகளே பெற்றோர்க்கு வாயாயினர். விரைவில் பிள்ளைகள் வழிகாட்டுவோராகவும் பெற்றோர் வழிநடப்போராகவும் ஆயினர். தாயின் முக்காடும் தந்தையின் பேச்சும் பிள்ளைகளுக்கு நாணத்தைத் தந்தன.

ஒருநாள் தெருவில் நடந்துசென்ற ஜேன் ஆடம்ஸ், முதிய இத்தாலியப் பெண்ணொருத்தி பழைய கைக்கதிரில் நூல் நூற்பதைக் கண்டார். அந்தக் கைத்திறனை மதிக்க அத்தெருவில் எவரும் இல்லை என்பது அவர் நெஞ்சில் தைத்தது. 1900ஆம் ஆண்டில் ஹல் ஹவுஸில் உழைப்பு அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. கண்ணாடிப் பேழைகள் அங்கு முதன்மை பெறவில்லை. சிரியா, கிரேக்கம், இத்தாலி, ருஷியா, அயர்லாந்து நாட்டுப் பெண்கள் நேரில் அமர்ந்து நூற்றும் நெய்தும் காட்டினர்.

அங்கே சமையல் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த இத்தாலியச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாய் அதே மாலைகளில் நூற்றுக் காட்ட வருவாள். முக்காடிட்ட தாயோடு காணப்பட விரும்பாத மகள், தாயை ஒரு வாயில் வழி விட்டுவிட்டுத் தான் வேறு வாயில் வழி நுழைவாள். ஒருநாள் மாலை, பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் தன் தாயைச் சூழ்ந்து நின்று அவளுடைய நூற்பைப் பாராட்டுவதை மகள் கண்டாள். தாய் பிறந்த ஊரைப் பற்றிக் கேட்டறிந்தாள். அன்று முதல் இருவரும் ஒரே வாயில் வழியே நுழைந்தனர்.

ஹல் ஹவுஸின் பணிகள் பலவற்றுள்ளும் இதுவே நுண்மை மிக்கது. வந்தவர்க்கு ஒன்றைக் கொடுப்பது எளிது. வந்தவரிடம் பெற்றுக்கொள்ளத்தக்கது உண்டு என்று அறிவது அரிது. பழம் விற்றும் கூலி செய்தும் வாழ்ந்த கிரேக்கர்கள் 1903ஆம் ஆண்டில் அவ்வில்லத்து மேடையில் தம் பண்டைய நாடகமாகிய 'அயாக்ஸ்' என்பதைத் தம் மொழியிலேயே நடித்தனர். அவர்களை அதுவரை இகழ்ந்த நகரத்தார் அவையில் அமர்ந்து பார்த்தனர்.

திறவாத கதவு

எல்லார்க்கும் கதவு திறந்திருந்த அந்நகரில் ஒருசாரார்க்கு மட்டும் அது எளிதில் திறக்கவில்லை. தென்மாநிலக் கொடுமைகளிலிருந்து தப்பி வடக்கே வந்த கறுப்பின மக்கள் கடல் கடந்து வந்தவரல்லர், அந்நாட்டிலேயே பிறந்தவர். ஆயினும் விடுதிகளும் சங்கங்களும் அவர்களை ஏற்கவில்லை. ஹல் ஹவுஸின் பணியிலும் அவர்க்குக் கிடைத்த பங்கு மிகச் சிறிதே. நாடறிந்த இதழாளரான ஐடா பி. வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி 1910ஆம் ஆண்டில் சிகாகோவின் ஸ்டேட் தெருவில் படிப்பகமும் குறைந்த கட்டணத் தங்குமிடமும் வேலை தேடித்தரும் அலுவலகமும் கொண்ட ஓர் இல்லத்தைத் திறந்தார். நிதி குறைந்தபோது தாமே வேறு வேலைக்குச் சென்று, அவ்வூதியத்தைக் கொண்டும் பத்தாண்டுகள் அதனைக் காத்தார். எந்த உதவி நிலையமும் தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது: இக்கதவைத் தட்டாமலே திரும்பிச் செல்பவர் யார்?

நிறைவாக

ஜேன் ஆடம்ஸ் 1931ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார், 1935இல் மறைந்தார். 1960களில் பல்கலைக்கழக வளாகம் ஒன்றுக்காக ஹல் ஹவுஸின் கட்டடங்களுள் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. பழைய மாளிகையும் உணவுக்கூடமும் அருங்காட்சியகமாக இன்றும் உள்ளன. அப்பெயரால் நகரெங்கும் தொண்டாற்றிய சங்கம் நிதி நெருக்கடியால் 2012ஆம் ஆண்டு சனவரியில் மூடப்பட்டது. கட்டடங்கள் அழியும், நிதியும் தீரும். அண்டை வீட்டார் ஆகும் முறை மட்டும் அழிவதில்லை. அதற்குப் பெருநிதி வேண்டுவதுமில்லை.

வந்தவாசி, ஆரணி வட்டாரத்துச் சிற்றூர்களை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் இவ்வவையில் பல இருக்கும். முதல் வாடகை வீட்டைக் காட்டியவர் யார், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க உடன்வந்தவர் யார் என்பதை அக்குடும்பத்துப் பெரியோர் மறந்திரார். இன்று அதே நகரத்துக் கட்டடப் பணிகளிலும் உணவகங்களிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் உழைக்கின்றனர். தமிழ்ப் பலகையைப் படிக்க இயலாமல் மருத்துவமனை வாயிலில் நிற்கும் அவர்களுள் ஒருவர்க்கு, எந்தச் சாளரத்துக்குச் செல்வது என்று காட்ட ஒரு நிமிடம் போதும். ஊரறியாத் தாயின் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க ஒரு காலைப்பொழுது போதும். வேலை ஒப்பந்தத் தாளைப் படித்துப் பொருள் சொல்ல, எழுத்தறிந்த ஒருவர் போதும்.

உணவும் மருந்தும் கல்வியும் போலவே அபயமும் தானம் என்று வகுத்தனர் முன்னோர். அஞ்சி நிற்பவரின் அச்சம் நீங்குவது, கொடுக்கப்படும் பொருளால் மட்டுமன்று. தம் பெயரைக் கேட்டறிந்து, மறுநாளும் அப்பெயரால் அழைக்கும் ஒருவர் அத்தெருவில் இருக்கிறார் என்பதால். அந்த ஒருவராக இவ்வூரில் ஒவ்வொரு குடும்பமும் விளங்குக.